கோர் மாத்தின பிறகு திறப்பு சுத்தேல்லை, இதுக்குள்ள பம்பிங் பயம் வேற

வன்னியூரான் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். போன ஆவணியில இருந்து ஸ்காபரோவில ஒரு மூண்டு மாடிக் கட்டடத்துக்கு நான் சூப்பரின்டென்டன்ட். மேல கணக்காளர், பல் டொக்டர், ரியூஷன் வகுப்பு. கீழ ஒரு டேகெயர். மொத்தம் 58 கதவு. எல்லாத்திலயும் 8 எழுதின மாதிரி முகம் உள்ள கோர் (பூட்டின்ர உள்பகுதி). கன்ட்ரோல் திறப்பு (கோரைக் கழற்றுற சாவி) போட்டுக் கொஞ்சம் திருப்பினா கோர் முழுசாக் கையில வந்திடும், அந்த வகை.

பிரச்சினை ரெண்டு.

முதலாவது: 12 கோர் நல்லாத் தேய்ஞ்சு போச்சு. எனக்கு முந்தி இருந்தவர் விட்டிட்டுப் போன கொப்பியில ஒவ்வொரு கதவின்ர திறப்பு எண்ணும் எழுதிக் கிடந்தது. அந்த எண்களைக் குடுத்து ஒரு இணையக் கடையில 12 புதுக் கோர் எடுப்பிச்சன். வேற கொம்பனிச் சாமான், ஆனா பொருந்தும் எண்டு போட்டிருந்தது. கோர் கதவுக்குள்ள அச்சொட்டாப் போகுது. எங்கட பழைய திறப்பும் அதுக்குள்ள முழுசாப் போகுது. ஆனா சுத்தேல்லை. பழைய கன்ட்ரோல் திறப்பும் சுத்தேல்லை. கடைக்காரர் அனுப்பின புதுத் திறப்புகள் மட்டும் வேலை செய்யுது.

இதைச் சோதிக்காமலே டேகெயர் வாசல் கோரை இரவு மாத்திப்போட்டு வந்திட்டன். விடிய ஆறரைக்கு அந்த ரீச்சர் ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு மைனஸ் ஒன்பதில வெளியில நிண்டவ. நான் போய்ச் சேர இருபது நிமிசம். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

ரெண்டாவது: கணக்காளர் ஒரு வீடியோ காட்டினார். ஒரு திறப்பைப் பூட்டுக்குள்ள விட்டுத் தட்டினா கதவு திறக்குதாம், பம்பிங் எண்டு பேர். "எங்கட கதவும் இப்பிடித் திறக்குமோ? 58ஐயும் மாத்து" எண்டு நிக்கிறார். உரிமையாளருக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழையசாவி (நியூ ஜெர்சி)

வணக்கம் தம்பி. ஒரு பல்கலைக்கழகத்தின் பராமரிப்புத் துறையில் பத்தொன்பது வருடமாகப் பூட்டு வேலை பார்க்கிறேன். உங்கள் 8 வடிவக் கோர்தான் என் அன்றாடம். முதல் பிரச்சினைக்கு நான்கு விவரம் வேண்டும்.

கோர் 6 பின்னா, 7 பின்னா? சாவியின் தலையில் அடித்திருக்கும் கீவே (சாவி போகும் துளையின் வடிவம்) எழுத்து பழையதிலும் புதியதிலும் ஒன்றுதானா? (சாவி முழுதாகப் போகிறது என்கிறீர்கள், ஆகவே ஒன்றாகத்தான் இருக்கும்.) கொப்பியில் உள்ள எண்களை எழுதியவர் எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தார்? வெட்டின் ஆழ அளவு எந்த வரிசை, ஏ2வா, ஏ3யா, ஏ4ஆ?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. வீட்டுச் சாவியில் தலைக்குக் கீழே ஒரு தோள் இருக்கும், அது பூட்டின் முகத்தில் இடித்து நிற்கும். அதிலிருந்துதான் வெட்டுகளை அளப்பார்கள். இந்தக் கோர் சாவிக்குத் தோள் கணக்கே கிடையாது. நுனி உள்ளே போய்ப் பின்சுவரில் முட்டித்தான் நிற்கிறது. அதனால் எண்களையும் நுனியிலிருந்து தலை நோக்கி வாசிக்க வேண்டும். மற்ற பூட்டுகளில் பழகிய கை தலையிலிருந்து எழுதிவிட்டால் எண் தலைகீழாகிவிடும். கோர் அனுப்பியவர் தப்பே செய்யாமல் தப்பான கோர் வந்து சேரும்.

நுனியில் முட்டி நிற்பதால் இன்னொன்றும் நடக்கும். 7 வெட்டுச் சாவியை 6 பின் கோரில் விட்டால், நுனிப் பக்கத்து ஆறு வெட்டும் பொருந்தினால் போதும், சாவி சற்றே வெளியே நீட்டிக்கொண்டு திறந்துவிடும். கலப்படமாகக் கோர் வைத்திருக்கும் கட்டடங்களில் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பம்பிங் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் கதவு திறக்கட்டும்.

ஸ்பிரிங்கோவை

பம்பிங் கேள்விக்கு நான் வரேங்க. கோயம்புத்தூர்ல இருக்கேன், பூட்டைப் பிரிச்சுப் பார்க்கிறது பத்து வருசப் பழக்கம். என் சொந்தப் பூட்டுகளைத்தான்.

கேரம் விளையாடியிருப்பீங்க. ரெண்டு காய் ஒட்டி நிக்குது. ஸ்டிரைக்கர் முன்காய்ல பட்டா, முன்காய் அப்படியே நிக்கும், பின்காய் தெறிச்சு ஓடும். பின் பூட்டுக்குள்ளயும் அதேதான். சாவி தொடுற அடிப்பின்னு, அது மேல டிரைவர் பின்னு, அதுக்கு மேல ஸ்பிரிங். அடி விழுந்தா வேகம் அடிப்பின் வழியாப் போய் டிரைவரை மட்டும் மேல தள்ளும். கண்ணிமைக்கிற நேரம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. எல்லாப் பின் குழியிலயும் (இதை அறைன்னு சொல்லுவோம்) அந்த இடைவெளி ஒரே சமயத்துல வெட்டுக்கோட்டுல, அதாவது சாவியோட சுழலுற பிளக்குக்கும் வெளி உடலுக்கும் நடுவுல, அமைஞ்சா பிளக் திரும்பிடும். தத்துவம் அவ்வளவுதான். அந்தச் சாவியை எப்படி வெட்டுறது, எப்படித் தட்டுறதுங்கிறதை நான் பொதுவெளியில எழுதுறதில்லை.

இது புதுசும் இல்ல. சாவியைத் தட்டித் திறக்கிறதுக்கு 1928லயே அமெரிக்காவுல ஒருத்தருக்குக் காப்புரிமை குடுத்திருக்காங்க. 2005ல நெதர்லாந்துல டூல்ங்கிற பூட்டு ஆர்வலர் அமைப்பைச் சேர்ந்த பாரி வெல்ஸும் ரோப் கோங்க்ரைப்பும் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சது. அதனால "வீடியோ எல்லாம் சும்மா"ன்னு கணக்காளர்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் பயம் நியாயமானது.

வன்னியூரான் (ஸ்காபரோ)

பழையசாவி அண்ணை, உடனே பதில் போட்டதுக்கு நன்றி. 6 பின். கீவே எழுத்து ரெண்டிலயும் ஒண்டுதான். எண் எந்தப் பக்கத்தால வாசிச்சது எண்டு கொப்பியில இல்லை, ஆனா திறப்பைக் கையில வைச்சுப் பாத்தன், நுனியில இருந்துதான் எழுதியிருக்கிறார். ஏ2, ஏ4 எண்டது எனக்கு விளங்கேல்லை. கொப்பியின்ர முதல் பக்கத்தைக் கீழ அப்பிடியே எழுதிவிடுறன்.

[எண்கள் நீக்கப்பட்டன]

பழையசாவி (நியூ ஜெர்சி)

தம்பி, அந்தப் பக்கத்தை இந்த நிமிடமே அழியுங்கள். அது எண்ணல்ல, உங்கள் கதவுகளின் சாவி. இதைப் படிக்கிற எவரும் வெற்றுச் சாவி ஒன்று வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

அழிப்பதற்கு முன் ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் போட்டிருந்த இருபது வரியிலும் 5க்கு மேல் ஓர் இலக்கம்கூட இல்லை. 6 இல்லை, 7 இல்லை, 9 இல்லை. உங்கள் பிரச்சினை இங்கேதான்.

ஏ2 வரிசையில் ஆழம் 0 முதல் 9 வரை, ஒவ்வொரு படியும் 0.0125 அங்குலம். ஏ3யில் 0 முதல் 6 வரை, படிக்கு 0.018. ஏ4இல் 0 முதல் 5 வரைதான், படிக்கு 0.021. மூன்றுக்கும் கோரின் வெளிவடிவம் ஒன்று, வெற்றுச் சாவி ஒன்று, வெட்டுகளின் இடைவெளியும் ஒன்று. உள்ளே போடும் பின் அளவும் சாவியில் வெட்டும் ஆழமும் மட்டும்தான் வேறு. உங்கள் கட்டடம் ஏ4ஆக இருக்க வேண்டும். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், பெரும்பாலோர் பயன்படுத்தும் ஏ2வில் பின் போட்டு அனுப்பியிருக்கிறார். அதே எண்தான், ஆனால் வேறு ஆழம்.

ஒரு வெட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஏ4இல் 3 என்றால் 0.063 அங்குல ஆழம். ஏ2வில் 3 என்றால் 0.0375. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தில் பிளக் அசையவே அசையாது. கடைக்காரர் சாவி வேலை செய்வதற்கும் காரணம் இதுதான், அவர் ஏ2 கோருக்கு ஏ2 சாவியை வெட்டியிருக்கிறார்.

என் ஊகத்தை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கொப்பியில் 5 என்று வருகிற வெட்டு உள்ள ஒரு பழைய சாவியை எடுங்கள். கேலிபரால் சாவியின் அடிவிளிம்பிலிருந்து அந்த வெட்டின் பள்ளம் வரை எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். வெட்டாத இடம், அதாவது 0, 0.318 அங்குலம். ஏ4 என்றால் 5இல் 0.213 வரும். ஏ2 என்றால் 0.2555. தேய்ந்த சாவியிலும் குழப்பமில்லாமல் தெரிகிற வித்தியாசம்.

வன்னியூரான் (ஸ்காபரோ)

அழிச்சிட்டன் அண்ணை. யோசிக்காமல் போட்டிட்டன், மன்னிக்கோணும்.

கேலிபர் பல் டொக்டரிட்டைக் கடன் வாங்கினன். ஆறு திறப்பு அளந்தன். 5 வாற இடத்தில 0.214, 0.213, 0.212. ஒரு திறப்பு 0.210, அது டேகெயர் ரீச்சரின்ர, நல்லாத் தேய்ஞ்சது.

ஏ4.

பழையசாவி (நியூ ஜெர்சி)

நல்லது. 12 கோரையும் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் பின்களை எடுத்துவிட்டு ஏ4 பின் போட்டால் அதே கோர் உங்கள் பழைய சாவிக்குத் திறக்கும். கடைக்காரரிடம் "ஏ4, 6 பின், எண் நுனியிலிருந்து தலைக்கு" என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கன்ட்ரோல் சாவி எண்ணும் ஏ4தான் என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

புதுச் சாவி வெட்டும்போது ரீச்சரின் 0.210 சாவியை வைத்துப் படியெடுக்காதீர்கள். தேய்மானமும் சேர்ந்து படியில் வந்துவிடும். எண்ணைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்_பட்டறை

இதையெல்லாம் படிக்கப் படிக்க ஆச்சரியமா இருக்குங்க. எங்க அப்பா காலத்துல இருந்து பூட்டுப் பட்டறை. எங்க பூட்டு லீவர் பூட்டு, 2019ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. பூட்டைச் செஞ்சு முடிச்ச பிறகு அந்தப் பூட்டுக்குன்னே சாவியைக் கையால அரம் போட்டு இழைப்போம். ஒரு பூட்டுச் சாவி இன்னொண்ணுக்குச் சேர்ந்துடக் கூடாதுங்கிறதுதான் எங்களுக்குத் தொழில் தர்மம். நீங்க சொல்ற பூட்டுல எந்தக் கோரும் எந்தக் கதவுக்கும் சேரணும்னே செஞ்சிருக்காங்க. எதுக்கு அப்படி?

இன்னொண்ணு, தட்டித் திறக்கிற வேலை லீவர் பூட்டுல ஆகாது. ஒண்ணு மேல ஒண்ணு நிக்கிற பின்னே அதுல கிடையாது, தகடுகதான் தூக்கி நிக்கும்.

பழையசாவி (நியூ ஜெர்சி)

நல்ல கேள்வி ஐயா. இந்தக் கோரைக் கொண்டுவந்த ஃபிராங்க் பெஸ்ட், சியாட்டிலில் பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை பார்த்தவர். ஒரு சாவி தொலைந்தால் கதவைக் கழற்றி, பூட்டைக் கழற்றி, பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். நூறு கதவு உள்ள பள்ளியில் அது தீராத வேலை. பூட்டு கதவிலேயே இருக்கட்டும், மூளையை மட்டும் கழற்றி மாற்றுவோம் என்று யோசித்தார். 1920இல் நிறுவனம் தொடங்கினார், பிறகு அது இண்டியானாபொலிஸுக்குப் போனது. இன்று பல நிறுவனங்கள் அதே 8 அளவில் கோர் செய்கின்றன. கதவுப் பூட்டு, தொங்கு பூட்டு, அலமாரி, அவசர வழிக் கதவின் கம்பி, எதிலும் அதே கோரைச் செருகலாம். கன்ட்ரோல் சாவியைப் போட்டு 15 பாகை திருப்பினால் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், கோர் கையோடு வரும். பத்து விநாடி வேலை.

உங்கள் பூட்டில் ஒரு சாவி ஒரு பூட்டுக்குத்தான். எங்கள் வேலையில் ஒரு சாவி 400 கதவுக்கு. இரண்டு தேவையும் வேறு.

மலர்விழி_குறிப்பேடு

தம்பி வன்னியூரான், நான் ரொறன்ரோவில ஒரு மருத்துவமனையில திறப்புப் பதிவேட்டுக்குப் பொறுப்பா இருக்கிறன். பூட்டைக் கழற்றத் தெரியாது. எந்தத் திறப்பு யாரிட்டைப் போச்சு, எப்ப திரும்பி வந்தது எண்டதுதான் என்ர வேலை.

பம்பிங்கைப் பற்றிக் கதைக்க முதல் எனக்கு ஒரு கேள்வி. கன்ட்ரோல் திறப்பு மொத்தம் எத்தனை செய்தது எண்டு கொப்பியில இருக்கோ? இப்ப உங்கட கையில எத்தனை இருக்கு?

வன்னியூரான் (ஸ்காபரோ)

அக்கா, கொப்பியில "கன்ட்ரோல் 4" எண்டு கிடக்கு. என்னட்டை மூண்டு இருக்கு. உரிமையாளர் தன்னட்டை ஒண்டும் இல்லை எண்டுறார்.

மலர்விழி_குறிப்பேடு

அப்ப கணக்காளருக்கு முதல் நீங்கள் பயப்படவேண்டியது அந்த நாலாவது திறப்புக்கு.

ஸ்பிரிங்கோவை

அக்கா சொல்றது சரிதான். ஆனா அதுக்காக பம்பிங்கை ஓரமா வெச்சிடக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். தொலைஞ்ச சாவியால வந்தவன் யாருன்னாவது கண்டுபிடிக்கலாம். பம்பிங்ல கதவு உடையாது, வெளியில பெருசா அடையாளம் இருக்காது. பூட்டைப் பிரிச்சு பின் முனைகளை உருப்பெருக்கியில பார்த்தாத்தான் அடி வாங்கின தடம் தெரியும். இன்சூரன்ஸ்காரர் "கதவு உடைக்கப்படலையே"ன்னு கேட்டா அந்த டேகெயர்க்காரங்க என்ன பதில் சொல்லுவாங்க? இந்தக் கோர்லயும் இருக்கிறது பின்னும் ஸ்பிரிங்கும்தான், வேறெதுவும் இல்ல.

பழையசாவி (நியூ ஜெர்சி)

ஸ்பிரிங்கோவை சொல்வதை மறுக்கவில்லை. இந்தக் கோர் பம்பிங்குக்கு அப்பாற்பட்டது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆனால் வீட்டுப் பூட்டும் இதுவும் அடி வாங்கும் விதம் ஒன்றல்ல. அதைப் புரியவைக்க ஓர் அறைக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

வீட்டுப் பூட்டில் வெட்டுக்கோடு ஒன்றுதான். இதில் இரண்டு. பிளக்கைச் சுற்றி ஒரு சட்டை போல கன்ட்ரோல் ஸ்லீவ் இருக்கிறது. பிளக்குக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு கோடு, அது தினசரிச் சாவிக்கு. சட்டைக்கும் அதற்கு மேல் உள்ள உடலுக்கும் நடுவில் இன்னொரு கோடு, அது கன்ட்ரோல் சாவிக்கு. இரண்டு கோட்டுக்கும் இடையே 0.125 அங்குலம், ஏ2 கணக்கில் சரியாகப் பத்துப் படி.

இப்போது ஓர் அறையை நிரப்புவோம். ஏ2 என்றே வைத்துக்கொள்வோம், எண் எளிது. ஒரு கதவுக்கு மட்டுமான அறைச்சாவியின் வெட்டு 3, எல்லாக் கதவுக்கும் பொதுவான மாஸ்டர் சாவி 7, கன்ட்ரோல் சாவி 5. அடியில் 3ஆம் அளவுப் பின். அதன் மேல் 7க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம், 4ஆம் அளவு மாஸ்டர் பின். இதுவரை உயரம் 7. கன்ட்ரோல் சாவி மேல்கோட்டில் பிளவு கேட்கிறது: 5 கூட்டல் 10, அதாவது 15. ஆகவே நடுவே 8ஆம் அளவு கன்ட்ரோல் பின். ஏ2வில் எந்த அறையிலும் மொத்தம் 23 வர வேண்டும், மிச்சம் 8, அது டிரைவர். மேலே ஸ்பிரிங், அதற்கு மேல் பித்தளை மூடி. 3, 4, 8, 8. கூட்டிப் பாருங்கள், 23. நான் பயிற்சிக்கு வந்த வருடம் இந்தக் கணக்கைப் பேருந்தில் போகும்போதும் போட்டுக்கொண்டிருப்பேன். இன்றும் 23 வராத அறையை மூடுவதில்லை.

அப்படியென்றால் ஓர் அறையில் நான்கு துண்டு, மூன்று பிளவு. அடி விழும்போது எந்தப் பிளவு எந்தக் கோட்டில் திறக்கும் என்பது தட்டுகிறவன் கையில் இல்லை. ஆறு அறையில் நான்கு கீழ்க்கோட்டிலும் இரண்டு மேல்கோட்டிலும் திறந்தால் எதுவும் சுழலாது. எல்லாமே ஒரே கோட்டில் அமைய வேண்டும். அதனால்தான் இந்தக் கோர் வீட்டுப் பூட்டைவிட முரண்டு பிடிக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் பின் போடப் போடப் பிளவுகள் கூடுகின்றன, ஏதோ ஒன்று சரியாக அமையும் வாய்ப்பும் கூடுகிறது. எல்லாம் மேல்கோட்டில் அமைந்துவிட்டால் கதவு மட்டும் திறக்காது, கோரே கழன்று வந்துவிடும்.

ஸ்பிரிங்கோவை

இதைத்தான் எதிர்பார்த்தேன் அண்ணா. மேல்கோட்டுச் சங்கதியைப் பலர் சொல்றதே இல்ல. அப்போ டேகெயர் மாதிரி இடத்துக்கு என்ன போடச் சொல்லுவீங்க?

பழையசாவி (நியூ ஜெர்சி)

வெளிவாசலுக்கும் டேகெயருக்கும் மட்டும் உயர்ரகக் கோர் போதும். பின்களோடு பக்கவாட்டில் இரண்டாவது தடுப்பும் உள்ள கோர்கள் இதே 8 அளவில் கிடைக்கின்றன. அடி விழுந்து பின்கள் குதித்தாலும் அந்தத் தடுப்பு குதிக்காது. பின்னும் ஸ்பிரிங்குமே இல்லாத பூட்டுக்குப் போகலாம், ஃபின்லாந்தில் 1907இல் பிறந்த ஆப்லாய் போல. அதில் தட்டுகள் சுழன்றுதான் திறக்கும், பம்பிங்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் விலையைக் கேட்டுக்கொண்டு பேசுங்கள். உட்கதவு 50ஐயும் அப்படி மாற்ற எந்த உரிமையாளரும் பணம் தரமாட்டார், தரவும் தேவையில்லை.

பலரும் கவனிக்காத வேறொன்றை இங்கே எழுதிவைக்கிறேன். 2003இல் மாட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாஸ்டர் முறையில் உள்ள கட்டடத்தில் ஒரே ஒரு அறைச்சாவியும், அது திறக்கும் கதவும், கொஞ்சம் வெற்றுச் சாவியும் கிடைத்தால் மொத்தக் கட்டடத்தின் மாஸ்டர் சாவியையே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். பூட்டுத் தொழிலில் இது பழைய ரகசியம், அவர் வெளியே சொல்லிவிட்டார் என்று பலருக்குக் கோபம். என் கருத்தில் சொன்னதே நல்லது. வாடகைக்கு இருக்கும் எல்லோரிடமும் ஒரு சாவி இருக்கிறது. ஆகவே வெற்றுச் சாவி யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு கீவேயின் வெற்றுச் சாவி வடிவத்துக்குப் பெஸ்ட் நிறுவனம் வடிவமைப்புக் காப்புரிமை வைத்திருந்தது. இல்கோ யூனிகன் நிறுவனம் அதே வடிவத்தில் வெற்றுச் சாவி செய்தது. 1996இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், அந்தச் சாவியின் தகடு அந்தத் துளைக்குள் போக வேறு வடிவம் எடுக்கவே முடியாது, அது அழகுக்கான வடிவமல்ல, ஆகவே காப்புரிமை செல்லாது என்றது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். பழைய திறந்த கீவேக்களுக்கு யாரும் வெற்றுச் சாவி செய்யலாம், யாரும் வாங்கலாம். "படி எடுக்காதே" என்று சாவியில் அடித்திருப்பது கடைக்காரரின் கையைத் தடுக்காது. இயங்குமுறைக் காப்புரிமை உயிரோடு உள்ள சாவி மட்டுமே தடுக்கும், அதுவும் காலாவதியாகும் நாள் வரை.

மலர்விழி_குறிப்பேடு

இதை வாசிச்சா உரிமையாளருக்கு எல்லாம் ஒரே அளவு ஆபத்து மாதிரித் தெரியும். எனக்கு அப்பிடித் தெரியேல்லை. என்ர பதிவேட்டில பதினொரு வருசத்தில எழுதின சம்பவங்கள்: வேலையை விட்டுப் போனவர் குடுக்காத திறப்பு, ஒப்பந்தக்காரர் வாங்கித் திருப்பாத திறப்பு, கழிவறையில மறந்து விட்ட வளையம், பொருள் இறக்க வந்தவை தாழ்ப்பாளில ஒட்டின பசை நாடா. தட்டித் திறந்தது எண்டு ஒண்டும் இல்லை. தட்டித் திறந்தால் தெரியவராது எண்டு ஸ்பிரிங்கோவை தம்பி சொல்லுறது சரி, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் தெரிஞ்ச ஓட்டையை அடைக்காமல் தெரியாத ஓட்டைக்குக் காசு செலவழிக்கக் கூடாது.

பழையசாவி (நியூ ஜெர்சி)

அக்கா சொன்னதற்கு என் அனுபவம் ஒன்று.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடம், பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கதவு வர்ணம் பூச வந்தவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மேற்பார்வையாளர் கன்ட்ரோல் சாவியையே கொடுத்து அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை வளையம் வந்தது, அதில் கன்ட்ரோல் சாவி இல்லை. எங்கோ விழுந்திருக்கும் என்றார்கள். விழுந்தும் இருக்கலாம்.

கன்ட்ரோல் சாவி கையில் இருப்பவனுக்கு எந்தக் கதவின் சாவியும் வேண்டாம். கோரை உருவிவிட்டு ஒரு திருப்புளியால் திருப்பினால் கதவு திறக்கும். திரும்பக் கோரைச் செருகிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம், ஒரு கோரை எடுத்துக்கொண்டுபோய்ப் பிரித்து அளந்தால் மாஸ்டர் எண் வந்துவிடும்.

340 கோர். ஒன்பது நாள் நானும் இன்னொருவரும் காலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்போம். ஒவ்வொரு கோரிலும் மூடி, ஸ்பிரிங், டிரைவர், கன்ட்ரோல் பின் எல்லாம் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கன்ட்ரோல் எண்ணுக்குக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். கடைசி இரண்டு நாள் விரல் நுனியில் பித்தளை நாற்றம் சோற்றிலும் வந்தது. அந்தச் சாவி இன்றுவரை கிடைக்கவில்லை.

உங்கள் நாலாவது சாவி வரும் என்று காத்திருக்காதீர்கள் தம்பி.

திண்டுக்கல்_பட்டறை

கன்ட்ரோல் எண்ணை மட்டும் மாத்தினா வாடகைக்காரங்க சாவி அப்படியே இருக்கும்ங்களா?

பழையசாவி (நியூ ஜெர்சி)

இருக்கும் ஐயா. மேலே போட்ட கணக்கையே பாருங்கள். 3உம் 4உம் அசையாது. கன்ட்ரோல் எண் 5இலிருந்து 8 ஆனால் மேல்கோட்டு உயரம் 18, கன்ட்ரோல் பின் 11, டிரைவர் 5. திரும்பவும் 23. வாடகைக்காரர்களுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

வன்னியூரான் (ஸ்காபரோ)

ஒரு கிழமையா எழுதேல்லை, மன்னிக்கோணும். நடந்ததைச் சொல்லுறன்.

முந்தி இருந்த சூப்பரைத் தேடிப்பிடிச்சுக் கதைச்சன். நாலாவது திறப்பு ஒரு துப்புரவுக் கொம்பனிக்குக் குடுத்தது எண்டார். அவையள் ரெண்டு வருசம் முந்தியே ஒப்பந்தம் முடிஞ்சு போட்டினம். அவையிட்டையும் இல்லை.

உரிமையாளரிட்டை மூண்டு விசயம் எழுதிக் குடுத்தன். ஒண்டு, 58 கோரிலயும் கன்ட்ரோல் எண் மாத்திறது. ரெண்டு, முன்வாசல், பின்வாசல், டேகெயர், பல் டொக்டரின்ர மருந்து அறை, இந்த நாலுக்கும் காப்புரிமை உள்ள, ரெண்டாவது தடுப்பு இருக்கிற கோர். மூண்டு, மலர்விழி அக்கா சொன்ன மாதிரிப் பதிவேடு, கையெழுத்தோட. கணக்காளரும் கூட இருந்தவர். ரெண்டு வெட்டுக்கோடு எப்பிடி வேலை செய்யுது எண்டு ஒரு பேப்பரில கீறிக் காட்டினன். ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப என்ர கதவு?" உங்கட கதவு உட்கதவு, முன்வாசலைத் தாண்டித்தான் அங்க வரோணும், விரும்பினால் உங்கட செலவில அதே கோர் போடலாம் எண்டன். யோசிச்சிட்டுப் போடச் சொல்லிட்டார்.

உரிமையாளர் மூண்டுக்கும் சம்மதம். ஒரு பூட்டு வேலைக்காரரைப் பிடிச்சம். மற்றக் கதவுகளுக்குப் பழைய அறைச் சாவி எண்களை ஏ4 எண்டே வைச்சிருக்கிறம், அதுகளுக்குத் திறப்பு மாத்தேல்லை.

ஒரு சந்தேகம் அக்கா. பழைய கன்ட்ரோல் திறப்பு மூண்டையும் என்ன செய்யிறது? குப்பையில போட மனம் வரேல்லை.

மலர்விழி_குறிப்பேடு

போடாதேங்கோ. ரெண்டா வெட்டி, வெட்டின நாளையும் வெட்டினவர் பெயரையும் பதிவேட்டில எழுதுங்கோ. நாலாவதுக்கு ஒரு வரி விட்டு "கிடைக்கவில்லை, கன்ட்ரோல் மாற்றப்பட்டது" எண்டு திகதியோட எழுதுங்கோ. உங்களுக்குப் பிறகு வாறவர் திரும்பத் தேடிக்கொண்டு நிக்கக் கூடாது.

ஸ்பிரிங்கோவை

வன்னியூரான் அண்ணா, புதுக் கோரை மாட்டும்போது ஒவ்வொரு கதவுலயும் அறைச்சாவி, மாஸ்டர், கன்ட்ரோல் மூணையும் போட்டுப் பார்த்துட்டுப் போங்க. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டே சோதிங்க.

வன்னியூரான் (ஸ்காபரோ)

அந்தப் பாடம் மைனஸ் ஒன்பதில படிச்சனான் தம்பி, இப்ப கதவைத் திறந்து வைச்சுத்தான் செய்யிறன்.

நேற்று டேகெயர் கதவு முடிஞ்சுது. இது காப்புரிமைக் கோர் எண்டதால இதுக்குப் புதுத் திறப்பு. ரீச்சரிட்டை அந்தத் தேய்ஞ்ச 0.210 திறப்பை வாங்கிக்கொண்டு புதுசைக் குடுத்தன், கையெழுத்தும் வாங்கினன். இண்டைக்கு விடிய ஆறு இருபதுக்கே போய் வாசலில நிண்டன். அவ வந்து திறப்பை விட்டா. ஒருக்காத்தான் திருப்பினவ.

மிச்சம் 31 கதவு.